பனி வண்டி ஓட்டும்போது கை விறைக்காமல் இருக்க எந்த கிளவுஸ் வாங்கலாம்?

வேளச்சேரியிலிருந்து ஒரு நண்பர் கேட்டிருக்கிறார். ஜனவரியில் மனைவியோடு பின்லாந்தின் ரோவனியெமிக்குப் போகிறார். ஸ்னோமொபைல் என்ற பனி வண்டியில் இரண்டு மணி நேரச் சவாரிக்குப் பணம் கட்டியாகிவிட்டது. மைனஸ் 25 வரை போகலாம் என்று சொல்லியிருக்கிறார்கள். பைக்குக்கு வாங்கிய தோல் கிளவுஸ் போதுமா, புதிதாக வாங்குவதென்றால் எதை வாங்குவது என்பது கேள்வி. கடைசியில் போகிற போக்கில் ஒரு வரி எழுதியிருக்கிறார்: டிசம்பரில் ஊட்டிக்கு பைக்கில் போனபோது மனைவியின் விரல்கள் வெள்ளை வெளேர் என்று ஆகி மரத்துவிட்டனவாம். கேள்வி கிளவுஸைப் பற்றியது போல இருந்தாலும், வெயிலில் வளர்ந்த நம் கைகள் அந்தக் குளிரைத் தாங்குமா என்பதுதான் அவர் உண்மையில் கேட்பது. சென்னையில் இதுவரை பதிவான மிகக் குறைந்த வெப்பநிலையே ஏறக்குறைய 14 டிகிரிதான். அவர் கவலைப்படுவதில் நியாயம் இருக்கிறது. நான் ராணுவ மருத்துவப் பிரிவில் வேலை பார்த்தவன். லடாக்கில் பனிக்கடி பட்ட, அதாவது குளிரில் உறைந்துபோன விரல்களுக்கு வைத்தியம் பார்த்திருக்கிறேன், பனி ஸ்கூட்டர் ஓட்டும் வீரர்களின் கைகளைப் பரிசோதித்திருக்கிறேன். இப்போது சென்னையில் பொது மருத்துவம் பார்க்கிறேன். அந்த அனுபவத்தை வைத்துச் சொல்கிறேன்.

முதலில் ஒரு விஷயம். கிளவுஸ் சூடு தராது. இருக்கிற சூட்டைப் போகவிடாமல் பிடித்து வைக்கும், அவ்வளவுதான். விரலுக்குள் சதை என்று சொல்லும்படி பெரிதாக எதுவும் இல்லை. விரலை மடக்கி நீட்டுகிற தசைகள் பெரும்பாலும் முன்கையில் இருக்கின்றன, அங்கிருந்து நார்கள்தான் விரல் வரை ஓடி வருகின்றன. அதனால் விரல் தானாக உண்டாக்கும் வெப்பம் சொற்பம். அங்கே இருக்கும் சூடு அத்தனையும் ரத்தம் கொண்டு வந்து கொடுப்பது. உடம்பின் நடுப்பகுதி குளிர ஆரம்பித்ததும் இதயம் போன்ற உள்ளுறுப்புகளைக் காப்பாற்ற, கை கால் விரல்களுக்குப் போகும் ரத்தக் குழாய்கள் சுருங்கிவிடுகின்றன. மேட்டூரில் தண்ணீர் குறைந்தால் முதலில் காய்வது கடைமடைதானே, விரல் நுனிகளின் கதையும் அதுதான். ரத்தம் வராத விரலுக்கு எவ்வளவு விலை உயர்ந்த கிளவுஸ் போட்டாலும் அது மெல்ல மெல்லக் குளிர்ந்துகொண்டேதான் இருக்கும். ஆகவே கையைக் காப்பாற்றும் வேலை மார்பிலும் கழுத்திலும் மணிக்கட்டிலும் தொடங்குகிறது. கனடாவில் 1990களில் செய்த சில ஆய்வுகளில், உடம்பை நன்றாக மூடி, மின்சாரத்தால் சூடாகும் உள்சட்டையால் மார்பையும் வயிற்றையும் சூடாக வைத்தபோது, உறைகுளிரில் வெறுங்கையாக இருந்தவர்களின் விரல்கள்கூட இதமாகவே இருந்தன. இதை நம்பி யாரும் வெறுங்கையோடு போகக் கூடாது. உடம்புக்கும் விரலுக்கும் எவ்வளவு நெருங்கிய தொடர்பு என்பதற்காகச் சொன்னேன். சவாரிக்கு முன் வயிறு நிறையச் சாப்பிடுங்கள். உடம்பை ஒட்டி ஒரு கம்பளி அல்லது பாலியெஸ்டர் உள்சட்டை, அதன்மேல் கனமான ஒன்று, எல்லாவற்றுக்கும் மேல் சவாரிக்காரர்கள் தரும் முழு அங்கி. கழுத்தில் இடைவெளி இல்லாமல் மூடும் துணி. பருத்தி பனியன் மட்டும் வேண்டாம். வியர்வையில் நனைந்தால் காயாது.

அடுத்தது காற்று. நின்ற இடத்தில் மைனஸ் 25 என்பது ஒன்று, ஓடும் வண்டியில் மைனஸ் 25 என்பது வேறு. அமெரிக்காவும் கனடாவும் 2001இல் ஏற்றுக்கொண்ட குளிர்காற்றுக் கணக்கைப் போட்டுப் பார்த்தால், மைனஸ் 25இல் காற்றே இல்லாமல் மெல்ல நடப்பவருக்கு மைனஸ் 30 போல இருக்கும். மணிக்கு 30 கிலோமீட்டர் வேகத்தில் போகிறவருக்கு மைனஸ் 39. வேகத்தை இரட்டிப்பாக்கி 60இல் போனால் மைனஸ் 43. இந்த எண்களைக் கொஞ்சம் நின்று பாருங்கள். கேட்டின் பெரும்பகுதி முதல் 30 கிலோமீட்டர் வேகத்திலேயே நடந்து முடிந்துவிடுகிறது. "மெதுவாகத்தானே ஓட்டப் போகிறோம்" என்பது பெரிய ஆறுதல் இல்லை. காற்றைத் தடுப்பதுதான் வழி. மைனஸ் 40ஐ ஒட்டிய குளிர்காற்றில் மூடாத தோல் ஐந்து முதல் பத்து நிமிடத்தில் உறையக்கூடும். இந்தக் கணக்கு மூடாத முகத்துக்காக உருவாக்கப்பட்டது, கிளவுஸ் போட்ட கைக்கு அப்படியே பொருந்தாது. ஆனால் காற்று புகும் கிளவுஸ் என்றால் கை ஏறக்குறைய மூடாத கைதான். தி.நகரில் கிடைக்கும் பின்னல் கம்பளி கிளவுஸை மட்டும் போட்டுக்கொண்டு வண்டியில் ஏறக் கூடாது என்று சொல்வது இதனால்தான். உள்ளே போட அது நல்லது, வெளியே போட ஆகாது.

உங்கள் பைக் கிளவுஸும் ஆகாது. விழுந்தால் கை தேயாமல் இருக்கத் தைத்தது அது. கையோடு ஒட்டி இறுக்கமாக இருக்கும். அந்த இறுக்கமே ரத்த ஓட்டத்தைக் குறைக்கும், காற்றை அடைத்து வைக்கும் இடமும் அதற்குள் இல்லை. நீங்கள் வாங்க வேண்டியது இரண்டு அடுக்கு. உள்ளே மெல்லிய கம்பளி அல்லது பாலியெஸ்டர் கிளவுஸ், ஆளுக்கு இரண்டு ஜோடி. வெளியே காற்றும் நீரும் புகாத, உள்ளே பஞ்சு வைத்த மிட்டன், அதாவது கட்டைவிரல் தனியாகவும் மற்ற நான்கு விரல்கள் ஒரே அறையிலும் இருக்கும் வகை. நான்கு விரல்கள் ஒன்றையொன்று தொட்டுக்கொண்டிருந்தால் ஒன்றின் சூடு மற்றதற்கு உதவும், காற்றுக்குக் காட்டும் பரப்பும் குறையும். மிட்டன் கிளவுஸைவிடச் சூடானது என்பதில் சந்தேகமே இல்லை. பிரேக் பிடிக்கக் கொஞ்சம் சிரமம், பழகிவிடும். விரல் தனித்தனியாகத்தான் வேண்டும் என்றால் ஆள்காட்டி விரலுக்கு மட்டும் தனி இடம் விட்ட மூன்று விரல் மிட்டன் நல்ல சமரசம். மிட்டனின் கைப்பகுதி நீளமாக, அங்கியின் கையை மூடி ஏறி, கயிறு இழுத்து இறுக்கும்படி இருக்கட்டும். மணிக்கட்டின் உள்பக்கத்தில் ரத்தக் குழாய் தோலுக்கு மிக அருகில் ஓடுகிறது. அங்கே ஒரு விரல்கடை இடைவெளி இருந்தால் போதும், விரலுக்குப் போகும் ரத்தம் வழியிலேயே குளிர்ந்துவிடும்.

சென்னைக் கடையில் போட்டுப் பார்க்கும்போது கச்சிதமாக இருப்பதை வாங்காதீர்கள். உள் கிளவுஸைப் போட்டுக்கொண்டு, அதன்மேல் மிட்டனை மாட்டி, கையை இறுக மூடிப் பாருங்கள். விரல் நுனியில் துணி இழுத்தால் அது சின்னது. முனையில் கொஞ்சம் வெற்றிடம் இருக்க வேண்டும். சவாரி நடத்துகிறவர்கள் பெரும்பாலும் அங்கி, பூட்ஸ், ஹெல்மெட்டோடு கையுறையும் கொடுப்பார்கள். அந்த ஊர்க் குளிருக்கு என்றே வைத்திருக்கும் அவை, நாம் இங்கே அலைந்து வாங்குவதைவிட நன்றாகவே இருக்க வாய்ப்பு உண்டு. ஆனால் பலர் போட்டுக் கழற்றியது என்பதால் உள்ளே ஈரமாக இருக்கலாம். விரலை விட்டுத் தடவிப் பார்த்து, ஈரம் தெரிந்தால் வேறு ஜோடி கேளுங்கள். அதைக் கேட்பதில் கூச்சம் வேண்டாம்.

இனி வண்டிக்கு வருவோம். ஸ்னோமொபைலில் பைக்கைப் போல ஆக்ஸிலரேட்டரை முறுக்குவதில்லை. வலது கைப்பிடிக்குப் பக்கத்தில் ஒரு சின்ன லீவர் இருக்கும், அதைக் கட்டைவிரலால் அழுத்திக்கொண்டே போக வேண்டும். மிட்டனிலும் தனியாக நிற்பது கட்டைவிரல்தான், அசையாமல் ஒரே நிலையில் அழுத்திக்கொண்டிருப்பதும் அதுதான். அதனால் வலது கட்டைவிரல் மற்ற விரல்களுக்கு முன்னால் மரக்கும். பெரும்பாலான வண்டிகளில் கைப்பிடி மின்சாரத்தால் சூடாகும், கட்டைவிரல் லீவருக்கும் தனியாகச் சூடேற்றி இருக்கும். கிளம்புவதற்கு முன் அந்த இரண்டு சுவிட்சுகளும் எங்கே இருக்கின்றன என்று வழிகாட்டியிடம் கேட்டு, கையால் தொட்டுப் பார்த்துக்கொள்ளுங்கள். ஓடத் தொடங்கிய பிறகு தேட முடியாது. கை சூடாக இருக்கும்போதே போட்டுவிடுங்கள். குளிர்ந்த பிறகு போட்டால் மீள வெகு நேரம் பிடிக்கும்.

சூடான கைப்பிடியிலும் ஒரு சிக்கல் உண்டு. அது உள்ளங்கையைச் சூடாக்கும், காற்று அடிப்பதோ புறங்கையில். உள்ளங்கைப் பக்கம் கனமாகப் பஞ்சு வைத்த கிளவுஸ் போட்டால் கைப்பிடியின் சூடு உள்ளே வராது. புறங்கை கனமாகவும் உள்ளங்கை மெல்லியதாகவும் இருப்பதே இந்த வேலைக்குப் பொருத்தம். இவை எல்லாவற்றையும்விட நல்லது, ஹேண்டில்பாரிலேயே பொருத்தும் பெரிய பை போன்ற உறை. வட இந்தியாவில் குளிர்காலத்தில் ஸ்கூட்டர்களில் மாட்டியிருப்பதைப் பார்த்திருப்பீர்கள், அதே ஏற்பாடுதான். கையை அதற்குள் நுழைத்துக் கைப்பிடியைப் பிடித்தால் காற்று அறவே படாது, கைப்பிடியின் சூடும் உள்ளேயே தங்கும். சவாரிக்காரர்களுக்கு இப்போதே மின்னஞ்சல் அனுப்பி, அந்த உறை உள்ள வண்டி கிடைக்குமா, கண்ணாடித் தடுப்பு உயரமாக இருக்குமா என்று கேளுங்கள். எனக்கு ஒரே ஒரு விஷயம்தான் கேட்க வாய்ப்பு என்றால், கிளவுஸைப் பற்றிக் கேட்காமல் இதைத்தான் கேட்பேன்.

புதிதாக ஓட்டுகிறவர்கள் பயத்தில் கைப்பிடியை இறுக்கிப் பிடித்துக்கொள்வார்கள். அந்த இறுக்கத்தில் விரலில் இருக்கும் ரத்தம் பிழிந்து வெளியேறிவிடும். அவ்வப்போது பிடியைத் தளர்த்துங்கள். பின்னால் உட்கார்ந்திருப்பவருக்குக் காற்று குறைவு என்றாலும், அவர் உடம்பால் ஒரு வேலையும் செய்யாமல் இருப்பதால் சீக்கிரம் குளிர்ந்துவிடுவார். உங்கள் மனைவி பின்னால் உட்கார்ந்தால் அவர் கையையும் நிறுத்தும் இடங்களில் எல்லாம் பார்க்க வேண்டும்.

ரசாயனச் சூட்டுப் பொட்டலங்களைப் பற்றி: உள்ளே இரும்புத் தூள் இருக்கிறது, காற்றில் உள்ள ஆக்சிஜனோடு சேர்ந்து அது துருப்பிடிக்கும்போது சூடு வருகிறது. பிரித்த உடனே இறுக்கமான கிளவுஸுக்குள் திணித்தால் காற்று கிடைக்காமல் அணைந்தது போல ஆகிவிடும். சவாரிக்கு ஒரு பதினைந்து, இருபது நிமிடம் முன்பே பிரித்து, நன்றாகச் சூடேறிய பிறகு, உள் கிளவுஸுக்கு மேலே புறங்கையிலோ மணிக்கட்டின் உள்பக்கத்திலோ வையுங்கள். வெறும் தோலில் வைக்கக் கூடாது. சில பொட்டலங்கள் 60 டிகிரியைத் தாண்டும், மரத்துப்போன தோலுக்குச் சுடுவது தெரியாது. சர்க்கரை நோயால் விரலில் உணர்ச்சி குறைந்தவர்கள் இதில் இன்னும் கவனமாக இருக்க வேண்டும். பேட்டரியால் சூடாகும் கிளவுஸ் வாங்க நினைத்தால், அதன் உதிரி லித்தியம் பேட்டரிகளை விமானத்தில் கைப்பையில்தான் கொண்டுபோக வேண்டும். கடுங்குளிரில் பேட்டரியின் திறன் குறையும் என்பதால், பெட்டியில் போட்டிருக்கும் மணிக்கணக்கை அப்படியே நம்ப வேண்டாம்.

கேள்விக்குக் கீழே சிலர் சொல்லியிருக்கும் யோசனைகளுக்கும் பதில் சொல்லிவிடுகிறேன். பிராந்தி வேண்டாம். மது தோலில் உள்ள ரத்தக் குழாய்களை விரிக்கும். அந்த நேரம் சூடாக இருப்பது போலத் தோன்றும், உண்மையில் உடம்பின் சூடு வெளியே போய்க்கொண்டிருக்கும். வண்டி ஓட்டப் போகிறவர் என்பது தனி. சிகரெட் ரத்தக் குழாயைச் சுருக்கும், அன்று காலையாவது தொடாதீர்கள். காபியால் கெடுதலா என்பதில் எனக்கு உறுதியான கருத்து இல்லை; பழக்கமான ஒரு டம்ளர் சூடான காபியைத் தடுக்கும் அளவுக்கு அதில் ஆபத்து இருப்பதாக நான் நினைக்கவில்லை. கையில் தேங்காய் எண்ணெய் தடவலாமா என்று ஒருவர் கேட்டிருக்கிறார். சென்னையிலேயே மார்கழிக் காலையில் உறைந்துபோகும் எண்ணெய் அது. எண்ணெய்ப் பூச்சு குளிரைத் தடுப்பதில்லை. பின்லாந்தில் முகத்தில் பூசும் களிம்புகளை வைத்துச் செய்த ஆய்வுகளில் அவை பாதுகாப்புத் தரவில்லை என்று மட்டுமல்ல, பூசிக்கொண்டவர்களுக்குப் பனிக்கடி கூடுதலாகவே வந்திருக்கக்கூடும் என்றும் தெரியவந்தது. பூசினால் வருகிற பாதுகாப்பு உணர்வே ஆளை அலட்சியமாக்குகிறது என்பது ஒரு விளக்கம்.

நம் ஊர்க்காரர்களுக்குக் குளிர் அதிகமாகத் தாக்குமா என்ற கேள்விக்கு வருகிறேன். விரலைப் பனிநீரில் வைத்தால் முதலில் குழாய்கள் சுருங்கும், சில நிமிடங்கள் கழித்துத் தாமாகவே சற்று விரிந்து ரத்தம் வரும், மறுபடி சுருங்கும். 1930இல் தாமஸ் லூயிஸ் என்ற பிரிட்டிஷ் மருத்துவர் விவரித்தது இது. வெப்ப நாடுகளில் பிறந்து வளர்ந்தவர்களுக்கு இந்த இடைவிரிவு தாமதமாகவும் குறைவாகவும் நடக்கிறது என்று பல ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. அது பிறவியிலேயே வருவதா, வளர்ந்த இடத்தின் பழக்கமா என்பது இன்னும் தீரவில்லை. எப்படி இருந்தாலும், பக்கத்து வண்டியில் போகிற ஃபின்லாந்துக்காரர் மெல்லிய கிளவுஸோடு போகிறார் என்பதை வைத்து நம் கையை எடைபோடக் கூடாது.

இதைவிட முக்கியம், நம் நிறத் தோலில் அடையாளம் தெரிவது. புத்தகங்களில் தோல் சிவந்து பிறகு வெளுக்கும் என்று எழுதியிருப்பார்கள். அது வெள்ளைத் தோலைப் பார்த்து எழுதியது. நம் விரலில் அது சாம்பல் பூத்தது போலவோ, மெழுகு தடவியது போல மங்கிய மஞ்சளாகவோ தெரியும். சுற்றியிருக்கும் தோலோடு ஒப்பிட்டுப் பார்த்தால்தான் புலப்படும். ஆகவே பயணத்துக்கு முன் விரலுக்கு மருதாணி வைக்காதீர்கள், நகப்பூச்சும் வேண்டாம். பார்க்க வேண்டிய இடத்தையே அவை மறைத்துவிடும். மோதிரங்களை இங்கேயே கழற்றி வைத்துவிட்டுப் போங்கள். வருடக்கணக்காகக் கழற்றாத ராசிக்கல் மோதிரம் என்றால் சோப்புத் தண்ணீர் போட்டு இப்போதே எடுங்கள். விரல் வீங்கினால் மோதிரம் ரத்த ஓட்டத்தை அறுத்துவிடும், அங்கே வைத்து வெட்ட வேண்டி வரும்.

சவாரியில் கவனிக்க வேண்டியது நிறத்தைவிட வலியை. விரல் குளிர்ந்து வலிக்கிறது என்றால் நரம்பு வேலை செய்கிறது. வலித்துக்கொண்டிருந்த விரல் சூடேறாமலே வலி நின்றுவிட்டால், அப்போதுதான் வண்டியை நிறுத்த வேண்டும். பலர் அதைச் சரியாகிவிட்டதாக எடுத்துக்கொள்கிறார்கள். கிளம்பும்போதே வழிகாட்டியிடம், கை காட்டினால் நிறுத்துங்கள் என்று சொல்லி வைத்துவிடுங்கள். நிறுத்தியதும் கையைத் தோளிலிருந்து பெரிய வட்டமாக வேகமாகச் சுற்றுங்கள், ரத்தம் விரல் நுனிக்குத் தள்ளப்படும். பிறகு மிட்டனுக்குள்ளேயே கட்டைவிரலையும் உள்ளே இழுத்துக் கையை மூடி வையுங்கள். போதவில்லை என்றால் அங்கியைத் திறந்து கையை அக்குளில் வையுங்கள், அல்லது துணையின் வயிற்றோடு ஒட்டி வையுங்கள். சூடு திரும்பும்போது சுள்ளென்று வலிக்கும். நல்ல அறிகுறி அது. பத்து நிமிடத்தில் உணர்ச்சி திரும்பாவிட்டால் சவாரியை முடித்துக்கொண்டு சூடான அறைக்குப் போங்கள்.

விரல் கல் போல இறுகி, அழுத்தினால் குழி விழாமல், மெழுகு போல இருந்தால் உள்ளே திசு உறைந்திருக்கிறது என்று அர்த்தம். தேய்க்கக் கூடாது. பனியால் தேய்க்கும் வைத்தியம் நெப்போலியன் படையின் அறுவை மருத்துவர் லாரே காலத்தில் பரவியது, திசுவைக் கிழிப்பது தவிர அதனால் பயன் இல்லை. நெருப்பிலும், வண்டியின் சூடான எஞ்சினிலும் புகைக்குழாயிலும் காட்டக் கூடாது. மரத்த கைக்கு வெந்துபோவது தெரியாது. திரும்பவும் உறைய வாய்ப்பில்லாத இடத்துக்கு வந்த பிறகே, 37 முதல் 39 டிகிரி வெதுவெதுப்பான தண்ணீரில் அரை மணி நேரம் போல வைக்க வேண்டும். தண்ணீரின் சூட்டை மற்றவர் முழங்கையால் பார்க்கட்டும். வயிற்றுப்புண்ணோ அலர்ஜியோ இல்லாதவர்கள் இபுப்ரோஃபென் எடுத்துக்கொள்ளலாம். பிறகு நேராக மருத்துவமனை. உறைந்த ரத்தக் கட்டியைக் கரைக்கும் மருந்தும், ரத்தக் குழாயை விரிக்கும், 2024இல் அமெரிக்காவில் கடும் பனிக்கடிக்கு அனுமதிக்கப்பட்ட இலோப்ராஸ்ட் என்ற மருந்தும் சீக்கிரம் கொடுத்தால்தான் விரலைக் காப்பாற்றும். சென்னை வந்து காட்டிக்கொள்ளலாம் என்று விமானம் ஏறிவிடாதீர்கள்.

இன்னும் ஒரு சின்ன எச்சரிக்கை. மைனஸ் 25இல் பெட்ரோலும் மைனஸ் 25தான், ஆனால் அது உறையாது. வெறுங்கையில் சிந்தினால் ஆவியாகும்போது இன்னும் குளிர்ந்து அந்த நிமிடமே தோலை உறையவைக்கும். எரிபொருள் நிரப்பும் பக்கம் போகாதீர்கள். போட்டோ எடுக்க மிட்டனைக் கழற்றினாலும் உள் கிளவுஸைக் கழற்றாதீர்கள், உலோகத்தை வெறுங்கையால் தொடாதீர்கள். ஓட்டல் அறையிலேயே மிட்டனை மாட்டிக்கொண்டு நின்றால் கை வியர்த்து உள்ளே ஈரமாகிவிடும். கை சூடாக இருக்கும்போதே, வெளியே கால் வைப்பதற்குச் சற்று முன் மாட்டுங்கள். இரண்டாவது ஜோடி உள் கிளவுஸ் மார்புப் பக்கத்துப் பையில் இருக்கட்டும்.

இப்போது உங்கள் மனைவியின் விரல்கள். ஊட்டிக் குளிருக்கே விரல் வெளுத்து மரத்தது என்றால், குளிர் பட்டதும் விரலின் ரத்தக் குழாய்கள் அளவுக்கு மீறிச் சுருங்கும் ரேனோ என்ற பிரச்சினையாக இருக்கலாம். கையைப் பார்க்காமல் நான் அதை உறுதி செய்ய முடியாது. இளம் பெண்களுக்குப் பெரும்பாலும் வேறு நோய் எதுவும் இல்லாமல் இது வரும், ஆபத்தில்லை. ஆனால் விரல் நுனியில் ஆறாத புண், தோல் இறுகுவது, மூட்டு வலி, ஒரு கையில் மட்டும் வருவது, முப்பது வயதுக்கு மேல் புதிதாகத் தொடங்குவது, இவற்றில் ஏதாவது இருந்தால் உள்ளே வேறு நோய் இருக்கலாம். ஒற்றைத் தலைவலிக்கு எர்காட்டமைன் அல்லது சுமட்ரிப்டான், ரத்த அழுத்தத்துக்கு ப்ரொப்ரனலால், அட்டினலால் போன்ற மாத்திரைகள் எடுத்தாலும் விரல் இப்படி வெளுக்கும். எடுப்பவராக இருந்தால் அவராக நிறுத்தக் கூடாது, எழுதிக்கொடுத்த மருத்துவரிடம் பயணத்தைச் சொல்ல வேண்டும். டிசம்பர் வரை காத்திருக்காமல் இந்த மாதமே ஒரு பொது மருத்துவரையோ, மூட்டு நோய்களுக்கான ருமட்டாலஜிஸ்டையோ பாருங்கள். ஊட்டியில் விரல் வெளுத்தபோது எடுத்த போட்டோ ஏதாவது இருந்தால் கொண்டுபோங்கள். சென்னை வெயிலில் அவர் விரல் சாதாரணமாகத்தான் இருக்கும், போட்டோ இருந்தால் மருத்துவருக்குப் பாதி வேலை முடிந்தது. தேவைப்பட்டால் குழாயை விரிக்கும் நிஃபெடிபின் மாத்திரையைப் பயணத்துக்கு முன்பே தொடங்கிப் பார்ப்பார்கள், அது எல்லோருக்கும் ஒத்துக்கொள்ளாது என்பதால் இங்கேயே சோதித்துப் பார்ப்பது அவசியம். சாதாரண ரேனோதான் என்று தெரிந்தால் அவரும் வரலாம். ஆனால் இரண்டு மணி நேரச் சவாரியை ஒரு மணி நேரமாக மாற்றிக் கேளுங்கள், நடுவில் சூடான குடிசையில் நிறுத்தும் வழித்தடமாக இருக்கட்டும். விரலில் புண் இருந்தால் இந்த முறை அவர் வண்டியில் ஏற வேண்டாம்.